பலகையைக் கொடுக்குமுன் விதியைச் சொல்லுங்கள்!

சர்ஃபிங் கற்றுக்கொள்வோருக்கான கையேடுகள் பலவற்றில் கடைசியாக ஓர் அத்தியாயம் இருக்கும். 'எட்டிக்கெட்' என்று அதற்குத் தலைப்பு. தமிழில் சொன்னால் நாகரிகம், பண்பு, மரியாதை. பந்தியில் பக்கத்து இலையைப் பார்க்காமல் சாப்பிடுவது, பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது மாதிரி ஒரு சமாசாரம். செய்தால் நல்ல பிள்ளை. செய்யாவிட்டால் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. அவ்வளவுதான்.

கோளாறு இந்தப் பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அலையில் யாருக்கு வழி என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. அது சாலை விதி. ஆரம்பநிலைக்காரர் கையில் கொடுக்கப்படும் பலகை பெரும்பாலும் 8 அல்லது 9 அடி நீளம். அடியில் 'ஃபின்' எனப்படும் துடுப்புகள். பின்னாலிருந்து தள்ளுவது கடல். பிரேக் கிடையாது, ஹாரன் கிடையாது, கண்ணாடியில் பின்னால் பார்க்கிற வசதியும் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு வாகனத்தை, நேற்றுவரை கடலில் கால் நனைத்ததோடு சரி என்று இருந்த ஒருவரிடம் கொடுத்து, "போங்க, ஜாலியா இருங்க" என்று அனுப்புகிறார்கள். மோதல் நடந்த பிறகு, "இந்தப் புது ஆட்களுக்கு மரியாதையே தெரியலப்பா" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி! அலைக்கு இளைத்தவன் நேற்று வந்த மாணவன். உண்மையில் குற்றம் யாருடையது என்று பார்க்க வேண்டுமானால், முதலில் அந்த விதி என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

விதி ஒரே வரிதான்

சர்ஃபிங்குக்கு ஏற்ற அலை மொத்தமாக ஒரே நேரத்தில் உடைந்து விழாது. ஓரிடத்தில் முதலில் உடையும். பிறகு அந்த உடைப்பு பக்கவாட்டில் ஓடும். விரித்த பாயை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போவது போல. முதலில் உடையும் இடத்தைப் 'பீக்' என்கிறார்கள். இன்னும் உடையாமல் வழவழவென்று சரிந்து நிற்கும் பகுதி 'ஷோல்டர்', அதாவது அலையின் தோள். சர்ஃபர் பீக்கில் எழுந்து நின்று, பின்னால் துரத்தி வரும் நுரைக்கு முன்னால், தோளை நோக்கிச் சறுக்கிக்கொண்டு ஓடுகிறார். விளையாட்டே இதுதான்.

விதி: பீக்குக்கு மிக அருகே இருப்பவருக்குத்தான் அந்த அலை. மற்றவர்கள் விட்டுவிட வேண்டும். அவர் ஓடி வரும் பாதையில், தோளிலிருந்து இன்னொருவர் குறுக்கே எழுந்து நின்றால் அதற்கு 'டிராப்-இன்' என்று பெயர். சர்ஃபிங்கில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

ஏன் இப்படி? பீக்கிலிருந்து வருபவருக்குப் பின்னால் இடிந்து விழும் தண்ணீர். முன்னால் ஒரே ஒரு பாதை. அவரால் நிற்க முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. தோளில் படுத்திருப்பவருக்கோ அலை இன்னும் செங்குத்தாகவில்லை. கையை நிறுத்தினால் போதும், அலை அவருக்குக் கீழே நழுவிப் போய்விடும். ஆக, தவிர்க்க முடிந்தவர்தான் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதவருக்கு வழி.

ஊட்டி மலைப்பாதையில் போனவர்களுக்கு இது புதிதல்ல. குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏறுகிறவர் உயர்ந்தவர், இறங்குகிறவர் தாழ்ந்தவர் என்பதாலா? இல்லை. பாரத்தோடு ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதால். இறங்குகிற டிரைவர் யாராக இருந்தாலும், 30 வருடம் அதே பாதையில் பஸ் ஓட்டியவராகவே இருந்தாலும், விதி அதேதான்.

இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான் மற்றவை எல்லாம்.

1. சில அலைகள் கூரை மாதிரி இரண்டு பக்கமும் உடையும். அப்போது ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம் என்று இருவரும் ஓடலாம். குழப்பம் வராமல் இருக்க "லெஃப்ட்", "ரைட்" என்று கத்திச் சொல்ல வேண்டும். வலது இடது என்பது கரையைப் பார்த்தபடி அலையில் இருப்பவரின் வலது இடது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அது தலைகீழாகத் தெரியும். முதல் நாள் மாணவர்கள் பாதிக் குழப்பம் அடைவது இங்கேதான்.

2. கரையிலிருந்து உள்ளே துழாவிக்கொண்டு போகிறவர், அலையில் வருபவருக்கு வழிவிட வேண்டும். அலை உடையும் இடத்தைச் சுற்றி, உடையாத பக்கமாகப் போவதே சரி. ஆனால் வழியிலேயே மாட்டிக்கொண்டால்? இங்கேதான் மனித இயல்பு ஆளைக் கவிழ்க்கும். எதிரே ஒரு பக்கம் நுரை இடிந்து வருகிறது, மறுபக்கம் பச்சை அலை அமைதியாக நிற்கிறது. யாராக இருந்தாலும் பச்சைப் பக்கம்தான் ஓடத் தோன்றும். ஆனால் சர்ஃபர் வரப்போவது அந்தப் பச்சையில்தான்! ஆகவே நுரைப் பக்கமே போய், அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். வலிக்காது, மூக்கில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஏறும். அவ்வளவுதான்.

3. பலகையைக் கைவிடக் கூடாது. பெரிய அலையைக் கண்டதும் பலகையை உதறிவிட்டு முங்குவது சுலபம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 அடிப் பலகை. அதன் வாலில் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டும் 'லீஷ்' கயிறும் ஏறக்குறைய 9 அடி. கயிறு முழுக்க நீண்டால் பலகையின் மூக்கு, காலிலிருந்து 18 அடி தூரத்தில் இருக்கும். கயிறு இழுபடுகிற தன்மை உடையது என்பதால் அதற்கு மேலும் போகலாம். அதாவது பலகையை விட்ட ஒருவர், தன்னைச் சுற்றி 18 அடிக்கு ஒரு அரிவாளைச் சுழற்றுகிறார் என்று அர்த்தம். பின்னால் வருபவர் யார் என்று அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

4. ஒருவர் பீக்கில் காத்திருக்கும்போது அவரைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கும் உள்ளே உட்கார்ந்து, "இப்போது நான்தான் பீக்குக்குப் பக்கம்" என்பதற்கு 'ஸ்நேக்கிங்' என்று பெயர். பாம்பு மாதிரி வளைந்து போவது. ரேஷன் கடையில் வரிசைக்கு முன்னால் போய்த் தெரிந்தவரிடம் பேசுவது போல நின்று, அப்படியே பையை நீட்டுகிறவரின் அதே தந்திரம்.

5. தவறு செய்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். விழுந்தால் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மேலே வர வேண்டும்; தலைகுப்புறப் பாயக்கூடாது. கட்டுப்படுத்தத் தெரியாத அளவு அலை இருந்தால் உள்ளே போகவே கூடாது.

அவ்வளவுதான். மணலில் விரலால் ஒரு படம் வரைந்து காட்டினால் 10 நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். அந்த 10 நிமிடம்தான் பல இடங்களில் கிடைப்பதில்லை.

எழுந்து நில், போட்டோ எடு, அடுத்த ஆள்!

காசு வாங்கிக்கொண்டு நடத்தப்படும் அறிமுக வகுப்புகளில் நல்லவை உண்டு. சர்வதேச சர்ஃபிங் சங்கம் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் முறை வைத்திருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்தவர்கள் விதியைச் சொல்லாமல் மாணவரைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். பிரச்சினை மற்றவர்களிடம். பாலி தீவானாலும் சரி, போர்ச்சுகல் ஆனாலும் சரி, தமிழ்நாட்டுக் கடற்கரை ஆனாலும் சரி, அவசர வகுப்பின் பாடத்திட்டம் ஒன்றுதான். மணலில் பலகையைப் போட்டு, படுத்து எழுந்து நிற்க நாலு தடவை பழக்கம். பிறகு இடுப்பளவுத் தண்ணீர். பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார், மாணவர் ஆடி ஆடி எழுந்து நிற்பார், கரையிலிருந்து ஒருவர் படம் எடுப்பார். மாணவருக்குப் பரம திருப்தி. ஏனென்றால் அவர் காசு கொடுத்தது அந்தப் படத்துக்குத்தான்.

இதில் என்ன தவறு? நுரைக்குள் நடக்கிற வரை பெரிய தவறில்லைதான். ஆனால் மூன்றாவது நாள் அந்த மாணவர் வகுப்புக்கு வருவதில்லை. நேரே வாடகைக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் கேட்பதெல்லாம் முன்பணமும் அடையாள அட்டையும். "பீக் எது, தோள் எது?" என்று கேட்பதில்லை. எழுந்து நிற்கத் தெரிந்துவிட்டதால் தனக்கு சர்ஃபிங் தெரியும் என்று அந்த மாணவர் உண்மையாகவே நம்புகிறார். அவரை அப்படி நம்ப வைத்தது யார்?

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று கிளட்சும் கியரும் மட்டும் சொல்லிக்கொடுத்து, "சிக்னல், வலது இடது எல்லாம் ரோட்டுல போகப்போகத் தானா தெரிஞ்சுக்குவீங்க" என்று அனுப்பினால் என்ன சொல்வோம்? அந்தப் பள்ளியை மூட வேண்டும் என்போம். அதே காரியம் கடலில் நடந்தால், "விடுமுறைக்கு வந்தவங்க, சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்" என்கிறோம்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. மாணவரைத் தள்ளிவிடும் பயிற்சியாளர், பீக்கிலிருந்து வேறு யாராவது வருகிறாரா என்று பார்க்காமலே தள்ளிவிடுவது. மாணவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கரையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தள்ளியவருக்குத் தெரியும். அப்படியானால் அங்கே டிராப்-இன் செய்தது மாணவரா, பயிற்சியாளரா? பலகையில் இருந்தவர் ஒருவர், குற்றம் செய்தவர் இன்னொருவர். ஆனால் திட்டு வாங்குவது எப்போதும் பலகையில் இருந்தவர்தான்.

கயிறு வந்தது, பொறுப்பு போனது

கயிறு இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1970களின் தொடக்கம் வரை, விழுந்தால் பலகை தன்போக்கில் கரைக்குப் போகும். ஆள் நீந்திப் போய்த்தான் எடுக்க வேண்டும். நீச்சலும் கடல் அறிவும் இல்லாதவர் உள்ளே போகவே தயங்கினார். பலகையைக் கைவிட்டால் தனக்குத்தான் தண்டனை என்பதால் இறுக்கிப் பிடித்தார்.

1971 வாக்கில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் பேட் ஓ'நீல் என்ற இளைஞர், பலகையோடு ஆளைக் கட்டும் இழுவைக் கயிற்றைப் பரப்பினார். அவருடைய அப்பா ஜாக் ஓ'நீல், குளிர்ந்த கடலுக்கான ரப்பர் உடைகளால் புகழ்பெற்றவர். அதே 1971ல், கயிறு சுண்டியிழுத்த பலகை முகத்தில் மோதி ஜாக் ஓ'நீலின் இடது கண் போனது. அதன்பிறகு அவர் கண்ணை மறைக்கும் கறுப்புத் துணியோடுதான் உலகத்துக்கு அறிமுகம். பாதுகாப்புக்கு என்று வந்த பொருள், வந்த புதிதிலேயே அந்தக் குடும்பத்திலேயே ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது.

கயிறு நல்லது. பலகைகள் தறிகெட்டுக் கரைக்குப் போய்க் குளிப்பவர்கள் மேல் விழுவதை அது குறைத்தது. ஆனால் இன்னொன்றையும் செய்தது. "பலகை எங்கே போகப்போகிறது, காலில்தானே இருக்கிறது" என்ற எண்ணத்தைக் கொண்டு வந்தது. பிறகு மலிவான, மேல்பக்கம் மெத்தென்ற நுரைப் பலகைகள் வந்தன. "இது இடித்தால் வலிக்காது" என்ற அடுத்த எண்ணமும் வந்தது. மெத்தென்ற பலகைக்கும் அடியில் துடுப்பு இருக்கிறது, எடை இருக்கிறது, பின்னால் அலை இருக்கிறது. கருவி பாதுகாப்பாக ஆக ஆக, விதியைச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் தேய்ந்துகொண்டே போனது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை!

"இது எங்க அலை" என்பவர்கள்

புதியவருக்கு விதி தெரியாதது ஒரு பக்கம். விதி தெரிந்தவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பது மறுபக்கம். முதல் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது அநியாயம்.

பழைய ஹவாயில் சில அலைகள் தலைவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தன. 'கபு' என்ற விலக்கு முறை. சாதாரண ஜனம் அங்கே சறுக்கினால் தண்டனை. அந்த முறை 1819ல் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வைக்கீக்கியில் கனமான நீண்ட பலகைகளில் பலர் சேர்ந்து ஒரே அலையில் கரையை நோக்கி வந்தார்கள். 1935ல் டாம் பிளேக் பலகைக்கு அடியில் துடுப்பு வைத்துப் பார்த்தார்; பலகை வளைய ஆரம்பித்தது. 1959ல் 'கிட்ஜெட்' திரைப்படம் வந்தது; கலிபோர்னியக் கடற்கரைகளில் கூட்டம் பெருகியது. வேகமாக வளைந்து ஓடும் பலகையும் கூட்டமும் ஒன்று சேர்ந்தபோதுதான் ஓர் அலைக்கு ஒருவர் என்ற விதி கட்டாயமானது.

கவனிக்க வேண்டியது இது: தலைவனின் அலை பிறப்பால் வந்த உரிமை. பீக்கின் அலை நிற்கும் இடத்தால் வரும் உரிமை. அடுத்த அலையில் அது இன்னொருவருக்குப் போய்விடும். இன்றைய விதியின் அழகே இதில்தான் இருக்கிறது. அது யாருடைய ஊரையும், வயதையும், தோல் நிறத்தையும், அப்பா பெயரையும் கேட்பதில்லை.

ஆனால் "லோக்கல்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு சிலர் பழைய கபுவை மறுபடி கொண்டுவரப் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவின் பாலோஸ் வெர்டெஸ் எஸ்டேட்ஸ் என்ற பணக்கார ஊரில் லுனாடா பே என்ற விரிகுடா இருக்கிறது. அங்கே 'பே பாய்ஸ்' என்று அழைக்கப்பட்ட கூட்டம் பல ஆண்டுகள் வெளியாட்களை விரட்டியது என்ற குற்றச்சாட்டில் 2016ல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் கரையில் அனுமதியின்றிக் கட்டியிருந்த கல் கோட்டையும் அதே ஆண்டில் இடிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1966ன் உலக சாம்பியன் நாட் யங்கே, 2000ல் ஆங்கோரியில் அலைத் தகராறு ஒன்றின் தொடர்ச்சியாக முக எலும்பு உடையும் அளவுக்குத் தாக்கப்பட்டார். அதற்குப் பிறகு 'சர்ஃப் ரேஜ்' என்ற தலைப்பில் ஒரு புத்தகமே வந்தது. உலக சாம்பியனுக்கே இந்த கதி என்றால், வாடகைப் பலகையோடு வந்த கல்லூரி மாணவரின் கதி என்ன?

அடி, உதை வரை போகாத அநியாயம் இன்னும் சாதாரணம். ஒரு புதியவர் நியாயமாகக் காத்திருந்து, சரியான இடத்தில், சரியான அலைக்குத் துழாவுகிறார். பழகிய கை ஒன்று தோளில் இருந்து குறுக்கே எழுந்து அந்த அலையை எடுத்துக்கொண்டு போகிறது. கேட்டால், "அவன் எப்படியும் விழத்தான் போறான், அலை வீணாப் போகுது" என்று பதில். ஒருவர் பரீட்சையில் எப்படியும் தோற்கத்தான் போகிறார் என்று அவர் வினாத்தாளைப் பிடுங்கிக்கொள்ளலாமா? விழுந்துதான் கற்க முடியும். விழுகிற உரிமைதான் மாணவரின் உரிமை.

மரியாதை என்ற பெயர் யாருக்கு வசதி என்று இப்போது புரியும். மரியாதை எப்போதும் கீழிருந்து மேலே போவது. சிறியவர் பெரியவருக்குக் கொடுப்பது. பெரியவர் சிறியவருக்குக் கொடுக்காவிட்டால் யாரும் கேட்பதில்லை. விதி அப்படியல்ல; அது இரண்டு பக்கமும் வெட்டும். அதனால்தான் பழகிய கைகள் 'எட்டிக்கெட்' என்ற சொல்லை விரும்புகின்றன. பள்ளி நடத்துகிறவர்களும் விரும்புகிறார்கள். நேரம் இருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் அல்லவா?

போட்டிகளில் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. 2021ல் ஜப்பானின் சுரிகசாகி கடற்கரையில் நடந்த முதல் ஒலிம்பிக் சர்ஃபிங்கானாலும், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பானாலும், முன்னுரிமை உள்ளவரின் வழியை மறித்தால் நடுவர்கள் மதிப்பெண்ணை வெட்டுவார்கள். எத்தனை பட்டம் வென்றவராக இருந்தாலும் சரி. உலகின் மிகச் சிறந்த சர்ஃபர்களுக்கே கட்டாயமான ஒன்று, பலகையை முதல்முறை தொடுபவருக்கும் அவரைத் திட்டுபவருக்கும் மட்டும் எப்படி விருப்பப் பாடமாகும்?

கோவளமும் அறுகம் குடாவும்

தமிழ் பேசும் கரைகளில் இந்த விளையாட்டு புதிது. ஆகவே ஒழுங்காக ஆரம்பிக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

இலங்கையின் கிழக்கே பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம் குடாவில் 'மெயின் பாயிண்ட்' என்ற அலை உலகப் புகழ் பெற்றது. தெற்கு முனையில் பாறையைச் சுற்றி வரும் அலை, வலப்பக்கமாக நீளமாக உரிந்துகொண்டே போகும். பருவ காலத்தில் அத்தனை பேரும் ஒரே சின்ன இடத்தில்தான் காத்திருக்க வேண்டும். விதி இல்லாமல் அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்திலேயே 'பேபி பாயிண்ட்' என்ற சிறிய அலை இருக்கிறது. பலகையைக் கட்டுப்படுத்தத் தெரியும் வரை அங்கேதான் இருக்க வேண்டும். புதியவருக்கு உரிமை உண்டு என்பதன் பொருள், எந்த இடத்துக்கும் எந்த நேரத்திலும் போகலாம் என்பதல்ல.

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் நிலைமை வேறு. அங்கே சர்ஃபிங்கை வளர்த்தவர்கள் பெரும்பாலும் மீனவ இளைஞர்கள். பலகையும் கயிறும் வருவதற்கு முன்பே அலையை அறிந்த குடும்பங்கள். ஆகவே அந்தக் கரைகளில், ஆங்கிலக் கையேடுகள் பெரிதாகப் பேசாத இன்னொரு விதியும் உண்டு: படகுக்கு முதல் வழி. உடையும் அலைகளை வெட்டிக்கொண்டு ஒரு ஃபைபர் படகு கடலுக்குள் போகும்போதோ, மீனோடு கரையேறும்போதோ, நடுவில் திரும்ப முடியாது. பக்கவாட்டில் திரும்பினால் அலை கவிழ்த்துவிடும். எந்திரம் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது. சர்ஃபரோ இன்னொரு அலைக்குக் காத்திருக்கலாம். தவிர்க்க முடிந்தவர் தவிர்க்க வேண்டும் என்ற அதே நியாயம்தான் இங்கேயும். கூடவே, ஒருவருக்கு அது விளையாட்டு, மற்றவருக்கு அன்றைய சோறு. வலை போட்டிருக்கும் இடத்தில் பலகையோடு போவதும் இதில் அடங்கும். வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காரில் வந்து இறங்குகிறவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

வழக்கமான பதில்கள்

"கடல் பொது. அதுல என்ன விதி?" என்பது முதல் பதில். சாலையும் பொதுதான். பொதுவாக இருப்பதால்தான் விதி வேண்டும். சொந்தத் தோட்டத்தில் ஒருவர் எப்படி வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம்.

"முதல் நாளே விதி, விபத்துன்னு பேசினா பயந்துடுவாங்க" என்பது இரண்டாவது. பயப்பட வேண்டிய இடத்தில் கொஞ்சம் பயப்படுவது நல்லதுதான். உண்மையில் விதி தெரியாதவர்தான் பயப்படுகிறார். எங்கிருந்து யார் வருவார், எதற்குத் திட்டுவார் என்று தெரியாமல் நடுங்குகிறார். விதி தெரிந்தவருக்குத் தன் அலை எது என்று தெரியும். அதைத் தைரியமாக எடுக்கவும் தெரியும்.

"அனுபவத்துல தானா வரும்" என்பது மூன்றாவது. வரும். யாருடைய பல்லில், யாருடைய விலாவில் அந்த அனுபவம் வரும் என்பதுதான் கேள்வி.

"விதி விதின்னு பேசுறதெல்லாம் லோக்கல் ஆளுங்க வெளியாட்களை விரட்டத்தான்" என்பது நான்காவது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மருந்து என்ன? வாய்வழியாக, ஆளுக்கு ஆள் மாறுகிற விதியைத்தான் ஆயுதமாக்க முடியும். பலகையில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்த விதி, விரட்டப்படுகிறவர் கையிலும் ஆயுதம்தான். "நான் பீக்கில் இருந்தேன், நீங்கள்தான் குறுக்கே வந்தீர்கள்" என்று ஒரு புதியவர் ஓர் ஊர்க்காரரிடம் சொல்ல முடிகிற கரைதான் நல்ல கரை.

செய்ய வேண்டியது

கேட்பது பெரிய விஷயமில்லை. சட்டம் வேண்டாம், போலீஸ் வேண்டாம்.

பள்ளிகள் மாணவர் கையில் பலகையைக் கொடுக்குமுன் மணலில் படம் போட்டு விதியைச் சொல்லட்டும். சொன்னால் மட்டும் போதாது, திருப்பிக் கேட்கட்டும். "நுரை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், எதிரே ஆள் வருகிறார், எந்தப் பக்கம் போவீர்கள்?" பதில் சரியாக வந்தால் மட்டும் தண்ணீர். வாடகைக் கடைக்காரர் முன்பணம் கேட்கும்போது அதே கேள்வியையும் கேட்கட்டும். பயிற்சியாளர் தள்ளுவதற்கு முன் பீக்கைப் பார்க்கட்டும். கரையில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கட்டும். தமிழ்நாட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும், அறுகம் குடாவில் சிங்களத்திலும் சேர்த்து. அதில் படகுக்கு முதல் வழி என்பது முதல் வரியாக இருக்கட்டும். ஊர் சர்ஃபர்கள் கையை ஓங்குவதற்கு முன் வாயைத் திறந்து சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுத்த விதியைத் தாங்களும் கடைப்பிடிக்கட்டும்.

எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். விலகி நிற்கக் கற்றுக்கொடுக்க 10 நிமிடம் போதும். அந்த 10 நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள், அடுத்த தடவை தண்ணீரில் ரத்தம் கலக்கும்போது மாணவரைப் பார்த்துக் கைநீட்டாமலாவது இருக்கட்டும்.